விதியில் விசில் இல்லை

மண்ணாங்கட்டி உதைத்த பந்து வலையின் மேல் மூலையில் போய் மோதியதை மைதானத்தில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். அது கோல் இல்லை என்று நடுவர் தலைக்கு மேலே கையை ஆட்டியதையும் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்காதவன் மண்ணாங்கட்டி ஒருவன்தான். அவன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே நின்ற அக்கா செண்பகத்தை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தான்.

தம்பியின் முகத்தைப் பார்த்துச் செண்பகமும் சிரித்துவிட்டாள். பின்னாலேயே கேப்டன் ஷரீஃப் ஓடி வந்து அவன் தோளைப் பிடித்துத் திருப்பியபோதுதான் ஏதோ கோளாறு என்று புரிந்தது.

"விசில் ஊதறதுக்கு முன்னாடியே பெனால்டியை அடிச்சிட்டான்க்கா. திரும்ப அடிக்கணுமாம்" என்றான் ஷரீஃப். அவனுக்கு மூச்சு வாங்கியது.

மண்ணாங்கட்டிக்குக் காது கேட்காது. செண்பகத்துக்குப் பிறகு அவர்கள் வீட்டில் பிறந்த மூன்று ஆண் குழந்தைகளும் தங்கவில்லை. நாலாவது பிறந்ததும் எமன் கண்ணில் படாமலிருக்கட்டும் என்று அப்படி ஒரு பெயரை வைத்தார்கள். பிள்ளை தங்கிவிட்டான். இரண்டு வயதில் வந்த காய்ச்சல் காதை மட்டும் கொண்டுபோய்விட்டது. இப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. கோடம்பாக்கத்து ஸ்டூடியோ ஒன்றில் செட்டு போடும் தச்சர்களோடு வேலை. மற்ற நேரமெல்லாம் அடையாற்றங்கரைக் குப்பத்துப் பையன்களோடு பந்து. ஆட்டத்துக்கு நடுவில் விசில் ஊதினால் மற்றவர்கள் நிற்பதைப் பார்த்து அவனும் நின்றுவிடுவான். பெனால்டியில் மட்டும் அந்த வித்தை பலிக்காது. அங்கே மற்றவர்கள் எல்லோரும் முன்பே நின்றுகொண்டிருக்கிறார்களே.

ஷரீஃப் கையைக் காட்டி, உதட்டைக் குவித்து, எப்படியோ விளங்க வைத்தான். மண்ணாங்கட்டி திரும்பிப் போய்ப் பந்தை வைத்தான். இந்தத் தடவை அவசரப்படக் கூடாது என்பது அவனுக்குத் தெரிந்தது. எதுவரை பொறுப்பது என்பதுதான் தெரியவில்லை. நடுவர் விசில் ஊதினார். அவன் நின்றான். இன்னொரு முறை ஊதினார். அவன் கோலைக் காத்து நின்ற கோலியைப் பார்த்தான், பந்தைப் பார்த்தான், நின்றான். கூட்டத்தில் முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு அந்தப் பக்கம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அவனுக்குக் கேட்காது. ஆனால் திறந்த வாய்கள் தெரியுமே. பின்னாலிருந்து ஷரீஃப் இரண்டு கைகளையும் வீசுவதைத் திரும்பிப் பார்த்தான், பதறிப்போய் உதைத்தான். பந்து உருண்டு போய்க் கோலியின் கைக்குள் அடங்கியது.

1972-ஆம் வருஷத்து மயிலாப்பூர் வட்டாரக் கோப்பையின் அரையிறுதி அப்படி முடிந்தது. ஆற்றங்கரை அணி ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது.

அதற்கப்புறம் நாலு மாதம் மண்ணாங்கட்டி பந்தைத் தொடவில்லை. ஷரீஃப் வீடு தேடி நடையாய் நடந்து அவனைத் திரும்ப அழைத்து வந்தான். ஆட வந்தான், முன்னைவிட நன்றாகவே ஆடினான். ஆனால் தன் அணிக்குப் பெனால்டி கிடைத்தால் மட்டும் விறுவிறுவென்று மைதானத்தின் நடுக்கோட்டுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிடுவான். ஷரீஃபே அடிப்பான். பாதிக்குப் பாதி வெளியே போகும்.

செண்பகம் வேலை பார்த்தது கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருந்த அச்சகத்தில். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் புருஷன் இறந்துபோனபின் அங்கே சேர்ந்தவள். அச்சான தாள்களை மடிப்பதும் தைப்பதும் ஒட்டுவதும் வேலை. ஏழாவது வரை படித்திருந்தாள். மடிக்கும் தாளில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் உண்டு. அதனால் புரூஃப் திருத்தும் நீரஜாவுக்குத் துணை ஆள் வராத நாட்களில், கையெழுத்துப் பிரதியை உரக்கப் படித்துக் காட்டச் செண்பகத்தைத்தான் கூப்பிடுவார்கள். நீரஜா மாட வீதிப் பெண், பி.ஏ. முடித்த கையோடு வேலைக்கு வந்தவள். இருவருக்கும் ஒத்துப்போனது.

1973 ஜனவரியில் ஒரு நாள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வந்திருந்தது கோப்பைப் போட்டிக்கான விதிகள் புத்தகம். இங்கிலீஷ் விதிகளைப் போட்டிச் செயலாளரே தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார். படங்களுக்காக மூலப் புத்தகமும் கூட வந்திருந்தது.

செண்பகம் படித்தாள். நிறுத்தக்குறிகளையும் சேர்த்துப் படிப்பதுதான் முறை.

"தண்டனை உதை எடுக்கும்போது, கமா, உதைப்பவரையும் எதிரணியின் இலக்குக் காவலரையும் தவிர மற்ற அனைவரும் தண்டனைப் பரப்புக்கு வெளியே, கமா, பந்திலிருந்து பத்து கஜத்துக்குக் குறையாத தூரத்தில் நிற்க வேண்டும். முற்றுப்புள்ளி. பந்து உதைக்கப்படும் வரை இலக்குக் காவலர் தன் கோட்டின் மேல் கால்களை நகர்த்தாமல் நிற்க வேண்டும். முற்றுப்புள்ளி. அனைவரும் இவ்வாறு நின்றபின், கமா, நடுவர் விசில் ஊதிய பிறகே..."

அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டாள்.

"ஏன் நிறுத்திட்டே?" என்றாள் நீரஜா, பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல்.

"நீரஜாம்மா, அந்த இங்கிலீஷ் புக்குல இன்னா போட்டுக்கீது? விசிலுன்னுதான் கீதா?"

"எதுக்குக் கேக்கறே?"

"சொம்மா பாருங்களேன்."

நீரஜா பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்து, மெல்லப் படித்தாள். இன்னொரு தடவையும் படித்தாள். "சிக்னல்னு போட்டிருக்கு. விசில்ங்கற வார்த்தையே இந்தப் பக்கத்துல இல்லை. இவர்தான் தானா விசில்னு எழுதிண்டிருக்கார்."

"சிக்னலுன்னா, ரயிலுக்குக் கைகாட்டி எறங்குதே, அத்தானே?"

"அதேதான். அடையாளம், சைகை. விசிலும் சிக்னல்தான். கையை இறக்கிக் காட்டினாலும் சிக்னல்தான்."

செண்பகம் கையிலிருந்த தாளை மேஜைமேல் வைத்தாள். போன வருஷம் மைதானத்தில் நடந்ததை நீரஜாவிடம் சொன்னாள். சொல்லும்போது அழுகை வருமென்று பயந்திருந்தாள். வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒரு வருஷமாக அவள் தம்பியின் காதை நொந்துகொண்டிருந்தாள். இப்போதோ ஒற்றை வார்த்தை கண்ணெதிரே கிடந்தது.

"நானா மாத்தக் கூடாது செண்பகம்" என்றாள் நீரஜா. "ஓரத்துல கேள்விக்குறி போட்டு, மூலத்துல சைகைன்னு இருக்குன்னு எழுதறேன். மாத்தறதும் விடறதும் அவர் இஷ்டம்."

"அந்தத் தாளை யார் எட்த்துகினு போறது?"

"ஆபீஸ் ஆள்."

"நான் எட்த்துகினு போறேன்."

செயலாளர் தனபாலனுக்குத் தேனாம்பேட்டையில் கேரம் போர்டும் பந்தும் பேட்டும் விற்கும் கடை. சாப்பாட்டு நேரத்தில் பஸ் பிடித்துப் போய், மூலப் புத்தகத்தையும் புரூஃபையும் அவர் முன்னால் வைத்தாள் செண்பகம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓரத்துக் குறிப்பைப் படித்தார்.

"எல்லா ரெஃப்ரியும் விசில்தான் ஊதறாங்க. விசில்னு போட்டா என்ன கெட்டுப்போச்சு?"

"காது கேக்கறவனுக்கு ஒண்ணும் கெடல சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீ அந்த ஊமைப் பையனோட அக்காவா?"

"ஊமை இல்ல சார். காது கேக்காது. பேரு மண்ணாங்கட்டி."

கடையில் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் பம்ப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். செண்பகம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நான் புச்சா ஒரு ரூல் கேக்கல சார். என் தம்பிக்கோசரம் எதையும் மாத்தச் சொல்லல. இங்கிலீஷ்ல இன்னா கீதோ அத்தத் தமிள்ல போடச் சொல்றேன். அவ்ளோதான்."

தனபாலன் மூலப் புத்தகத்தை எடுத்தார். அந்தப் பக்கத்தை வரிவரியாகப் படித்தார். பிறகு பேனாவைத் திறந்து 'விசில் ஊதிய' என்பதை அடித்துவிட்டு 'சைகை கொடுத்த' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

"நீ சொல்றது சரிம்மா. தப்பு என்னோடதுதான்" என்றார். "ஆனா ஒண்ணு. கிரவுண்டுல ரெஃப்ரி முடிவுதான் முடிவு. நான் போய் அவங்ககிட்ட இதைச் சொல்ல மாட்டேன். ஒரு டீமுக்காகப் பேசின மாதிரி ஆயிடும். புக்கு எல்லார் கைக்கும் போகும். படிக்கிறவங்க படிச்சுக்கட்டும்."

அவளுக்கு அது போதுமாயிருந்தது. புத்தகம் அச்சானபோது அந்தப் பக்கம் வரும் தாள்களை எல்லாம் தானே மடித்தாள்.

தம்பியை வழிக்குக் கொண்டுவருவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆற்றோரத்து மணல்திட்டில், இரண்டு தார் பீப்பாய்களைக் கோல் கம்பங்களாக வைத்து நடுவில் ஷரீஃப் நின்றான். பன்னிரண்டடி தள்ளிப் பந்து. சற்று விலகி, செண்பகம் வலது கையை உயரத் தூக்கிக்கொண்டு நின்றாள். அந்தக் கை இறங்கினால் உதைக்க வேண்டும் என்று அவனுக்குச் சைகையில் சொல்லியாகிவிட்டது.

"தூரம் பத்தாதுக்கா. பன்னெண்டு கஜம், பன்னெண்டு அடி இல்ல" என்றான் ஷரீஃப். பந்தைத் தள்ளி வைத்தார்கள்.

மண்ணாங்கட்டி பந்தைப் பார்த்தான். பிறகு வழக்கம்போல் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

செண்பகம் கையை இறக்கவில்லை. வெயில் ஏறியது. துணி துவைக்க வந்த பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பாஞ்சாலி என்ற பக்கத்து வீட்டுக்காரி, "இன்னாடி, பஸ்ஸை நிறுத்துறியா?" என்று கேலி செய்தாள். செண்பகம் திரும்பவில்லை. தோள் வலித்தது, பிறகு மரத்தது, பிறகு கை தானாகவே நடுங்க ஆரம்பித்தது. இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள்.

மண்ணாங்கட்டி ஓரக்கண்ணால் பார்த்தான். கை அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தான். பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு நடந்து வந்து, பந்துக்குப் பின்னால் நின்று, அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தான். அவள் கையை இறக்கினாள். அவன் உதைத்தான். பந்து ஷரீஃபின் காதோரம் பறந்து ஆற்றில் போய் விழுந்தது.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் அதுவே வேலையாயிற்று. ஐந்தரைக்கு அச்சகத்திலிருந்து வருவாள். அவன் கோடம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வருவான். இருட்டுவதற்குள் இருபது உதை. கை இறங்கிய கணமே அவன் பாய்வதை அவள் கவனித்தாள். பாய்ந்தால் காலும் கண்ணும் ஒன்றாக வரவில்லை. அதனால் தன் மார்பில் கையை வைத்து, ஒரு மூச்சை இழுத்து விட்டுக் காட்டினாள். கை இறங்கட்டும், ஒரு மூச்சு விடு, அப்புறம் ஓடு. அவன் புரிந்துகொண்டான். இருபது உதையில் பதினெட்டு உதை, பீப்பாய்களுக்கு நடுவே போனது.

பிப்ரவரிக் கடைசியில் ஆற்றங்கரை அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. வழியில் ஒரு பெனால்டிகூடக் கிடைக்கவில்லை.

எதிரணி தியாகராய நகர் ஜவுளிக்கடை ஊழியர்கள். எல்லாம் தெற்கத்திப் பிள்ளைகள், ஒரே கடை, ஒரே மெஸ் சாப்பாடு, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் ஆடுவார்கள். அவர்களுடைய கோலி வெள்ளைத்துரை ஆறடிக்கு மேல் உயரம். குடோனில் துணி மூட்டை தூக்கித் தூக்கிக் கை இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும். அந்தப் போட்டியில் அவனைத் தாண்டி இரண்டு கோல்தான் போயிருந்தது.

மந்தைவெளியில் மைதானத்தைச் சுற்றி நிற்க இடமில்லை. கடைப் பையன்கள் ஒரு பக்கம், குப்பத்து ஜனங்கள் ஒரு பக்கம். நீரஜா தன் அண்ணனோடு வந்து, குடையை விரித்துக்கொண்டு செண்பகத்தின் அருகில் நின்றாள். நடுவராக வந்தவரைப் பார்த்ததும் செண்பகத்துக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மெஹபூப் அலி. டெலிபோன் இலாகாவில் வேலை. போன வருஷம் கையை ஆட்டியவர் அவர்தான்.

முதல் பாதியில் ஆளுக்கொரு கோல். ஆற்றங்கரையின் கோலை மண்ணாங்கட்டிதான் போட்டான். இரண்டாம் பாதியில் இரு பக்கமும் முட்டி மோதியும் எதுவும் நடக்கவில்லை. கடைசி நிமிஷத்தில் ஷரீஃப் வலப்பக்கத்திலிருந்து பந்தைத் தூக்கிப் போட்டான். கோலுக்கு முன்னால் எம்பிய ஜவுளிக்கடைக்காரன் ஒருவன் தலைக்கு எட்டாத பந்தைக் கையால் தட்டிவிட்டான். தட்டிய வேகத்தில் அவனே தலையில் கை வைத்துக்கொண்டான். மெஹபூப் அலி பெனால்டி புள்ளியைக் காட்டினார்.

ஷரீஃப் பந்தை எடுத்துக்கொண்டான். மண்ணாங்கட்டி நடுக்கோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். நாலடி போய், என்ன தோன்றியதோ, நின்று கூட்டத்தில் அக்காவைத் தேடினான்.

செண்பகம் வலது கையை உயரத் தூக்கினாள்.

அவன் திரும்பினான். ஷரீஃபிடம் போய் அவன் கையிலிருந்த பந்தை வாங்கிக்கொண்டான். ஷரீஃப் கொடுத்துவிட்டான்.

கடைப் பையன்கள் பக்கத்தில் சலசலப்பு எழுந்தது. போன வருஷத்துக் கதை எல்லோருக்கும் தெரியும். ஷரீஃப் நடுவரிடம் ஓடினான்.

"சார், இவனுக்கு விசில் கேக்காது. நீங்க கையைத் தூக்கி எறக்கிக் காட்டினா அடிப்பான்."

ஜவுளிக்கடை கேப்டன் குறுக்கே வந்தான். "அதெப்படி? விசில் ஊதித்தான் அடிக்கணும். ஒருத்தனுக்கு ஒரு சட்டம், மத்தவனுக்கு ஒரு சட்டமா?"

மெஹபூப் அலி சட்டைப்பையிலிருந்து புதுப் புத்தகத்தை எடுத்தார். அதன் ஓரங்கள் அதற்குள்ளேயே அழுக்காகி மடங்கியிருந்தன. தேட வேண்டியிருக்கவில்லை, பக்கத்தைச் சட்டென்று திறந்து, கேப்டன்கள் இருவரும் கேட்கப் படித்தார்.

"நடுவர் சைகை கொடுத்த பிறகே. இப்படித்தான் எழுதியிருக்கு. விசில்னு எழுதலை. நான் விசிலும் ஊதுவேன், கையையும் எறக்குவேன். ரெண்டும் ஒரே நேரத்துல. யாருக்கு எது வேணுமோ அதை எடுத்துக்கலாம்." புத்தகத்தைப் பையில் வைத்தார். "இன்னொண்ணும் கேட்டுக்குங்க. டைம் முடிஞ்சு போச்சு. இந்த ஒரு அடிக்காகத்தான் ஆட்டம் நீளுது. பந்து உள்ள போனாலும் போகலைன்னாலும் அதோட சரி. திரும்பி வர்ற பந்தை யாரும் அடிக்கிற வேலை கிடையாது."

மற்ற எல்லோரும் பெனால்டி கட்டத்துக்கு வெளியே போனார்கள். நடுவர் கோலுக்கு இடப்பக்கம் போய் நின்று கையைத் தூக்கினார்.

செண்பகம் அப்போதுதான் அதைக் கவனித்தாள். மண்ணாங்கட்டி புருவத்துக்கு மேல் கையை வைத்துக் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தான். மணி ஐந்தே முக்கால். இறங்கும் சூரியன் சரியாக நடுவரின் முதுகுக்குப் பின்னால் நின்றது. அவனுக்கு அங்கே தெரிந்தது வெறும் ஒளிதான். கை தெரியாது.

அவள் யோசிக்கவில்லை. கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் நடந்தாள். லைன்ஸ்மேன் கொடியை நீட்டித் தடுத்தார். அவள் கொடியை ஒதுக்கிவிட்டுப் போனாள். கூட்டம் அடங்கியது. ஒரு பெண்பிள்ளை ஆட்டத்துக்கு நடுவே நடந்து போவதை அந்த மைதானம் அதுவரை பார்த்ததில்லை.

"சார், நீங்க நிக்கிற எடத்துல சூரியன் அவன் கண்ணுல அடிக்குது. ஒங்க கை அவனுக்குத் தெரியாது. அந்தப் பக்கமா நின்னீங்கன்னா தெரியும்."

மெஹபூப் அலி தலையைத் திருப்பிச் சூரியனைப் பார்த்தார். மண்ணாங்கட்டியைப் பார்த்தார். "கோட்டுக்கு வெளியே போய் நில்லுங்கம்மா" என்றார். சொல்லிவிட்டு, கோலுக்கு முன்னால் குறுக்கே நடந்து வலப்பக்கம் போய் நின்றார்.

இப்போது அவர் முகத்திலும் உயர்ந்த கையிலும் வெயில் பளிச்சென்று விழுந்தது. கை இறங்கியது, விசிலும் கேட்டது. மண்ணாங்கட்டி ஒரு மூச்சு விட்டான்.

அந்த ஒரு மூச்சு வெள்ளைத்துரைக்குத் தாங்கவில்லை. விசில் சத்தத்தோடு உதை வருமென்று எதிர்பார்த்திருந்தவன், உதை வராததால் கோட்டை விட்டு இரண்டெட்டு முன்னால் பாய்ந்துவிட்டான். மண்ணாங்கட்டி அதற்குள் ஓடி வந்து உதைத்தான். பந்து வெள்ளைத்துரையின் நெஞ்சில் மோதித் திரும்பியது.

ஜவுளிக்கடைக் கூட்டம் ஆர்ப்பரித்துக்கொண்டு மைதானத்துக்குள் புகுந்தது. துண்டுகள் மேலே பறந்தன. மண்ணாங்கட்டி இடுப்பில் கை வைத்துத் தரையைப் பார்த்தபடி நின்றான். நீரஜா செண்பகத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். செண்பகம் யாரையும் பார்க்கவில்லை, நடுவரை மட்டும் பார்த்தாள். அவர் நகரவேயில்லை. ஒரு கை பெனால்டி புள்ளியைக் காட்டியது. மற்றொரு கையின் இரண்டு விரல்கள் வெள்ளைத்துரையின் காலைக் காட்டின.

"பந்து கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டெட்டு வந்துட்டே. மறுபடி அடிக்கணும்."

ஜவுளிக்கடை கேப்டன் எகிறினான். லைன்ஸ்மேன் ஓடி வந்து, தானும் பார்த்ததாகச் சொன்னார். கேப்டன் அப்போதும் விடவில்லை. கடைசியில் வெள்ளைத்துரையே அவன் தோளில் கை போட்டான்.

"விடும்வே. நான் நவுந்தது நெசம்தான்."

கூட்டத்தை வெளியேற்றப் பத்து நிமிஷம் ஆயிற்று. அதற்குள் ஷரீஃப் மண்ணாங்கட்டியின் முகத்தை நிமிர்த்தி, கோலியின் காலையும் கோட்டையும் காட்டி விளக்கினான். மண்ணாங்கட்டியின் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. போன வருஷம் தன்னைத் திரும்ப அடிக்கச் சொன்ன சட்டம் கோலிக்கும் உண்டு என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

பந்தை வைத்தான். பின்னால் போனான். நடுவரின் கை உயர்ந்தது. அத்தனை பெரிய கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. கை இறங்கியது. ஒரு மூச்சு. வெள்ளைத்துரை இந்த முறை கோட்டில் ஆணியடித்த மாதிரி நின்றான். மண்ணாங்கட்டி ஓடி வந்தான். வலப்பக்கம் பார்த்தபடியே இடப்பக்கம் உதைத்தான். வெள்ளைத்துரை சரியான பக்கம்தான் விழுந்தான். அவன் விரல்நுனிக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு பந்து போகத்தான் இடம் இருந்தது. அதில் போனது.

குப்பத்து ஜனங்கள் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. மண்ணாங்கட்டி ஓடவில்லை. கைகளை விரிக்கவில்லை. நின்ற இடத்திலேயே திரும்பி மெஹபூப் அலியைப் பார்த்தான். கோல்தான் என்று அவர் நடுவட்டத்தைக் கையால் காட்டினார், நீளமாக விசில் ஊதினார். பிறகு அவன் கண்ணைப் பார்த்தபடி, ஒருமுறை நன்றாகத் தலையையும் ஆட்டினார்.

அப்புறம்தான் அவன் ஓடினான். அவனைப் பிடிக்கப் பத்துப் பேர் பின்னால் ஓடினார்கள்.

கோப்பையைத் தனபாலன் ஷரீஃபிடம் கொடுத்தார், ஷரீஃப் அதை மண்ணாங்கட்டியின் தலையில் கவிழ்த்தான். வெள்ளைத்துரை ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தான். மண்ணாங்கட்டியின் வலது காலைத் தொட்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். பிறகு செண்பகத்திடம் திரும்பினான்.

"எக்கா, அந்த மூச்சு விடுத வித்தையை யாரு சொல்லிக் குடுத்தா?"

"நான்தான்."

"அதுலதான் நான் கவுந்தேன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனான்.

நீரஜாவுக்கு வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது. கிளம்பும்போது செண்பகத்தின் இரண்டு கைகளையும் பிடித்து, "நாளைக்கு ஆபீசுல எல்லாருக்கும் நீதான் சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டா" என்றாள்.

பொழுது சாயும் வேளையில் ஊர்வலம் அடையாறு பாலத்தை நோக்கிப் புறப்பட்டது. குப்பத்து மேளக்காரர்கள் நாலு பேர் முன்னால் அடித்துக்கொண்டு போனார்கள். பஸ்கள் ஒதுங்கி நின்றன. பையன்கள் மண்ணாங்கட்டியைத் தோளில் தூக்கி வந்தார்கள். பாலத்தின் நடுவில் அவன் கீழே இறங்கி, பெரிய மேளத்தைத் தொங்கவிட்டிருந்தவரிடம் போய், தோலின்மேல் உள்ளங்கையை வைத்தான். அவர் அடியை நிறுத்தவில்லை. இன்னும் பலமாக அடித்தார். அடி அவன் கையில் ஏறி, தோளில் ஏறி, காலுக்கு இறங்கியது. தாளம் ஓர் இம்மியும் பிசகாமல் மண்ணாங்கட்டி ஆடத் தொடங்கினான்.

செண்பகம் ஓரமாக நடந்துகொண்டிருந்தாள். புருஷன் போனதிலிருந்து அவள் தெருவில் சத்தமாகச் சிரித்ததுகூட இல்லை. பாஞ்சாலி அவள் முதுகில் கை வைத்து நடுவே தள்ளினாள்.

"போடி. இன்னிக்கு ஆடாம என்னிக்கு ஆடப்போற?"

செண்பகம் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். பாலத்தின் இந்தக் கைப்பிடிக்கும் அந்தக் கைப்பிடிக்கும் இடையே, தம்பிக்கு எதிரே நின்று, கையை உயர்த்தி ஆடினாள்.